வணிகர் சங்கத்துக்கு இணையதளம்: முகப்புப் பக்கத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

"நம்ம சங்கத்துக்கும் ஒரு வெப்சைட் வேணும்" என்று நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்ததும் விவாதம் பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் ஓடும். முகப்பில் தலைவர் படமா, கட்டடப் படமா? நீலமா, பச்சையா? படங்கள் தானாக நகர வேண்டுமா? எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் யாராவது, "உறுப்பினர்கள் சந்தாவையும் அதிலேயே கட்டிவிடலாம் இல்லையா?" என்பார். "அதையும் சேர்த்துவிடலாம்" என்று பதில் வரும். வேலையின் பெரும்பகுதி அந்தக் கடைசி நிமிடப் பேச்சில்தான் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் சிக்கல்.

ஒரு கடை தன் தளத்தில் தன்னைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். சங்கமோ நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்காகப் பேசுகிறது. அந்த நிறுவனங்கள் இடம் மாறும், பெயர் மாற்றும், சந்தா கட்டும், கட்டாமல் விடும். இந்த மாற்றங்களைத் தாங்கும் தளத்தை எப்படி அமைப்பது என்பதைத் தொழில்நுட்பம் தெரியாதவருக்கும் புரியும்படி இங்கே பார்க்கலாம்.

அறிவிப்புப் பலகையும் பதிவேடும்

சங்க அலுவலக வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கும். கூட்டத் தேதி, நிர்வாகிகள் பெயர், சுற்றறிக்கை எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உள்ளே மேசை மேல் தடித்த உறுப்பினர் பதிவேடு இருக்கும். யார் எப்போது சேர்ந்தார், எதுவரை சந்தா கட்டியிருக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். மேசைக்குப் பின்னால் ஒரு பணியாளர். உறுப்பினர் வந்து கேட்டால், அவர் யாரென்று பார்த்து, அவருக்குரிய வரியை மட்டும் காட்டுவார்.

இணையதளத்திலும் இதே மூன்றுதான். பலகையின் இடத்தில் எல்லோரும் பார்க்கும் பக்கங்கள். பதிவேட்டின் இடத்தில் தரவுத்தளம், அதாவது கட்டம் கட்டமாகப் பிரித்து, தேடி எடுக்கும்படி சேமித்த தகவல் தொகுப்பு. பணியாளரின் இடத்தில் நிரல். கேட்பவர் யார், கேட்பது என்ன என்று பார்த்து, தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் பக்கமாக்கித் தருவது அதன் வேலை.

பல சங்கங்கள் பலகையை மட்டும் கட்டிவிட்டு "தளம் தயார்" என்கின்றன. பதிவேடு பழையபடி அலுவலகக் கணினியில் ஓர் எக்செல் கோப்பாகவே கிடக்கும். தளத்தில் இருக்கும் உறுப்பினர் பட்டியல் ஒன்று, மின்னஞ்சல் அனுப்பும் பட்டியல் வேறொன்று, பொருளாளர் வைத்திருக்கும் சந்தாப் பட்டியல் மூன்றாவது. ஆறு மாதத்தில் மூன்றும் மூன்று கதை சொல்லும்.

நவீன தளமா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: ஓர் உறுப்பினரின் தொலைபேசி எண் மாறினால் எத்தனை இடத்தில் திருத்த வேண்டும்? ஒரே இடம் என்று பதில் வந்தால் நவீனம். தோற்றம் பத்தாண்டு பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

பெயர் ஓரிடம், பொருள் ஓரிடம்

டொமைன், ஹோஸ்டிங், டிஎன்எஸ் ஆகிய மூன்றையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

டொமைன் என்பது தளத்தின் பெயர். அதைச் சொந்தமாக விலைக்கு வாங்க முடியாது. பதிவாளர் எனப்படும் நிறுவனத்திடம் ஆண்டுக் கணக்கில் பதிவுசெய்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். டாட் காம் பெயர் என்றால் ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகள். ஹோஸ்டிங் என்பது கோப்புகளும் தரவுத்தளமும் குடியிருக்கும் வாடகை சர்வர், அதாவது இணையத்தில் எப்போதும் இணைந்திருக்கும் கணினி. டிஎன்எஸ் என்பது இந்தப் பெயரைக் கேட்டால் இந்த சர்வருக்குப் போ என்று வழிகாட்டும் குறிப்புகளின் பட்டியல்.

டிஎன்எஸ் மின்னஞ்சலுக்கும் வழிகாட்டுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். புதிய ஹோஸ்டிங்குக்கு மாறும்போது தளத்துக்கான குறிப்பை மட்டும் நகலெடுத்து, மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் குறிப்பை விட்டுவிட்டால் தளம் அழகாகத் திறக்கும், சங்கத்துக்கு வரும் கடிதங்கள் மட்டும் நின்றுபோகும். கடிதம் வரவில்லை என்பதை உடனே யாரும் கவனிப்பதில்லை, அதனால் சில நாட்கள் கழித்தே விஷயம் வெளியே வரும். மாற்றுவதற்கு முன் பழைய குறிப்புகள் அனைத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்ற அளவு ஒன்று உண்டு, பல இடங்களில் அது 3600. முந்தைய நாளே அதை 300 ஆகக் குறைத்துவிட்டால் மாற்றம் விரைவில் பரவும், தவறு நேர்ந்தாலும் விரைவில் திருத்தலாம்.

சில உலாவிகளில் முகவரிக்கு முன் வரும் பூட்டுச் சின்னத்துக்குக் காரணம் பாதுகாப்புச் சான்றிதழ். உலாவிக்கும் சர்வருக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்ய அது உதவுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இதை இலவசமாகவே தருகின்றன. இதற்கென்று பெரிய தொகை கேட்கும் விலைப்பட்டியலைக் கண்டால் ஏன் என்று கேளுங்கள். சான்றிதழ்களின் ஆயுட்காலம் குறைந்துகொண்டே வருகிறது. 2029 மார்ச் முதல் அதிகபட்சம் 47 நாட்கள்தான் என்று உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குநர்களும் முடிவெடுத்துவிட்டார்கள். ஆகவே கையால் புதுப்பிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும்.

இவற்றின் கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்பது தொழில்நுட்பத்தை விடப் பெரிய கேள்வி. தளம் கட்டித் தந்தவர் பெயரில் டொமைன் இருந்தால், அவரோடு மனக்கசப்பு வரும் நாளில் சங்கத்தின் பெயரே அவர் கையில் இருக்கும். முன்னாள் செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால் புதுப்பிப்பு நினைவூட்டல் அவருக்குப் போகும், அவர் பார்க்க மாட்டார். கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு பேரால் திறக்க முடிய வேண்டும். பதிவாளரிடம் கொடுக்கும் தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனைச் சேர்ந்ததாக இருக்கவே கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்து செத்துவிடும், மீட்பதற்கான கடிதத்தைப் பெற வழியிருக்காது.

இதுவரை பார்த்தது: பெயர் பதிவாளரிடம், பொருள் ஹோஸ்டிங்கில், இரண்டையும் கோக்கும் வழிகாட்டி டிஎன்எஸ். மூன்றின் சாவியும் சங்கத்திடம் இருக்க வேண்டும்.

உறுப்பினர் என்றால் நிறுவனமா, ஆளா?

தளம் கட்டுபவர் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது. பலர் கேட்பதில்லை. கடையில் கிடைக்கும் உறுப்பினர் மென்பொருள்களில் பல, ஒரு மின்னஞ்சல், ஒரு பாஸ்வேர்ட், ஓர் உறுப்பினர் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. உடற்பயிற்சிக் கூடத்துக்கோ வாசகர் மன்றத்துக்கோ அது சரி. வணிகர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது நிறுவனம். லாகின் செய்பவர் ஆள். இரண்டையும் ஒரே வரியில் அடைத்தால் என்னென்ன நடக்கும் என்று பாருங்கள்.

நிறுவனத்துக்கு ஒரே லாகின் என்பதால் உரிமையாளர், கணக்காளர், மேலாளர் மூவரும் ஒரே பாஸ்வேர்டைப் பகிர்வார்கள். கணக்காளர் வேலையை விட்டுப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்த பிறகும் பழைய நிறுவனத்தின் விவரங்களைத் திறந்து பார்க்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு நிறுவனங்கள் இருந்தால் "இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்று தளம் அவரைத் திருப்பி அனுப்பும். அவரும் வேறு வழியின்றிப் பொய்யாக இன்னொரு மின்னஞ்சலை உருவாக்கிக் கொடுப்பார். பங்குதாரர் விலகினால் அவரோடு நிறுவனத்தின் இருபது ஆண்டு வரலாறும் போய்விடும்.

சரியான அமைப்பில் மூன்று அட்டவணைகள் இருக்கும். முதலாவது நிறுவனம்: பெயர், தொழில் வகை, உறுப்பினர் வகை, சந்தா முடியும் தேதி. இரண்டாவது நபர்: பெயர், மின்னஞ்சல், தொலைபேசி. மூன்றாவதுதான் முக்கியம், அது தொடர்பு அட்டவணை. இந்த நபர், இந்த நிறுவனத்தில், இந்தப் பொறுப்பில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். பொறுப்பு என்பது உரிமையாளர், கணக்குப் பிரிவு, வாக்களிக்கும் பிரதிநிதி என்பது போல. கணக்காளர் போனால் அவருடைய தொடர்பு வரிக்கு முடிவுத் தேதி போட்டால் போதும், நிறுவனத்தின் மற்ற விவரங்கள் அசையாது. கிளைகள் பல இருந்தால் முகவரிகளுக்கென்று நான்காவது அட்டவணை ஒன்று வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணுக்குள் ஆண்டையோ, தெருவையோ, உறுப்பினர் வகையையோ நுழைக்காதீர்கள். வகை மாறும் நாளில் எண் பொய் சொல்லும். விலகிய நிறுவனத்தின் எண்ணை வேறொருவருக்குத் தரக் கூடாது. விலகியவரின் வரியை அழிக்கவும் கூடாது, முடிவுத் தேதி மட்டும் இடுங்கள். பழைய ரசீதுகள் அந்த வரியைத்தான் சுட்டுகின்றன.

சந்தாத் தேதியும் பணமும்

ஓர் உறுப்பினர் "நடப்பில்" இருக்கிறாரா, "காலாவதி" ஆகிவிட்டாரா என்பதைக் கையால் மாற்றும் பொத்தானாக வைத்தால் யாராவது மாற்ற மறப்பார்கள். சந்தா முடியும் தேதியையும் இன்றைய தேதியையும் ஒப்பிட்டு நிரலே சொல்ல வேண்டும். சலுகைக் காலம் 30 நாள் என்று சங்க விதி இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

இதில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. சந்தா டிசம்பர் 31 அன்று முடிகிறது, உறுப்பினர் ஜனவரி 20 அன்று கட்டுகிறார். புதிய முடிவுத் தேதி என்ன? பணம் வந்த நாளோடு 365 நாள் கூட்டும் நிரல் அடுத்த ஜனவரி 20 என்று சொல்லும். ஆண்டுதோறும் தாமதமாகக் கட்டுபவருக்கு நாட்கள் இலவசமாகக் கிடைக்கும், சில ஆண்டுகளில் எல்லோருடைய தேதியும் சிதறிவிடும். கூட்ட வேண்டியது பழைய முடிவுத் தேதியோடு. ஆண்டு நடுவில் சேர்பவருக்கு முழுச் சந்தாவா, பாதியா என்பதை நிரலாளர் முடிவுசெய்யக் கூடாது. குழு தீர்மானித்து எழுதித் தர வேண்டும்.

இணையத்தில் பணம் கட்டும்போது நடுவில் நிற்பது கட்டண நுழைவாயில். உறுப்பினரின் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுச் சங்கத்தின் கணக்கில் சேர்க்கும் சேவை அது. உறுப்பினர் பொத்தானை அழுத்துகிறார், தளம் ஒரு பில் எண்ணை உருவாக்கி அவரை நுழைவாயிலுக்கு அனுப்புகிறது, அவர் பணம் கட்டியதும் "நன்றி" பக்கத்துக்குத் திரும்புகிறார். அந்த "நன்றி" பக்கம் திறந்ததையே பணம் வந்ததற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் தளங்கள் ஏராளம். பணம் கட்டிய நொடியில் சிக்னல் போய்விட்டால் பக்கம் திறக்காது: பணம் போயிருக்கும், சந்தா ஏறியிருக்காது. மறுபுறம், அந்தப் பக்கத்தின் முகவரியை நேரடியாகத் தட்டச்சு செய்பவருக்குப் பணமே கட்டாமல் சந்தா ஏறிவிடும்.

இதற்கு மருந்து வெப்ஹூக். நுழைவாயிலின் சர்வர், உறுப்பினரின் உலாவியை நம்பாமல், சங்கத்தின் சர்வருக்கு நேராக அனுப்பும் செய்தி அது. அந்தச் செய்தி உண்மையிலேயே நுழைவாயிலிலிருந்துதான் வந்ததா என்று அதன் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே சந்தாவை ஏற்ற வேண்டும். ஒரே செய்தி இரண்டு தடவை வருவதும் உண்டு. பரிவர்த்தனை எண்ணைப் பார்த்து, ஏற்கெனவே பதிவாகியிருந்தால் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு கட்டணத்துக்கு இரண்டு ஆண்டு சந்தா ஏறிவிடும். கார்டு எண்களைச் சங்கத்தின் சர்வரில் ஒருபோதும் சேமிக்காதீர்கள். ரொக்கமும் காசோலையும் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே அலுவலகப் பணியாளர் அவற்றைப் பதிய ஒரு திரையும் வேண்டும்.

பூட்டிய அறை, திறந்த ஜன்னல்

லாகினில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வந்தவர் யார் என்று உறுதிசெய்வது ஒன்று, அதற்கு அடையாளச் சோதனை என்று பெயர். அவருக்கு எதையெல்லாம் காட்டலாம் என்று தீர்மானிப்பது மற்றொன்று, அது அனுமதிச் சோதனை. முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறந்த தளத்தில், முகவரிப் பட்டையில் உறுப்பினர் எண் 118 என்று இருப்பதை 119 என்று மாற்றினால் பக்கத்துக் கடைக்காரரின் ரசீது திறக்கும். ஒவ்வொரு கோரிக்கையிலும் இரண்டு சோதனைகளும் நடக்க வேண்டும்.

கோப்புகளில் இன்னும் மோசம். "உறுப்பினர்களுக்கு மட்டும்" என்ற பக்கத்தைப் பூட்டியிருப்பார்கள். அதில் இருக்கும் பிடிஎஃப் சுற்றறிக்கையோ எல்லோருக்கும் திறந்த பதிவேற்றக் கோப்புறையில் கிடக்கும். இணைப்பை ஒருவர் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். தேடுபொறி அதைக் கண்டுபிடித்தால் தேடல் முடிவிலேயே வரும். தேடுபொறிகளுக்காக வைக்கும் ரோபோட்ஸ் கோப்பில் "இங்கே வராதே" என்று எழுதி வைப்பது பூட்டாகாது. அது ஒரு வேண்டுகோள் மட்டுமே, மரியாதை உள்ள தேடுபொறிகள் கேட்கும். கோப்பைப் பொதுக் கோப்புறைக்கு வெளியே வைத்து, நிரல் சோதித்த பிறகு தருவதே சரி.

இன்னொரு ஜன்னல் கேஷ். ஒருமுறை தயாரித்த பக்கத்தை நினைவில் வைத்து அடுத்தவருக்கும் அப்படியே தரும் வேக உத்தி அது. பொதுப் பக்கங்களுக்கு நல்லது. லாகின் செய்த பக்கத்துக்கும் அது இயங்கினால் ஒருவரின் பெயரும் பாக்கித் தொகையும் மற்றவர் திரையில் வரும். உறுப்பினர் பகுதி முழுவதையும் கேஷிலிருந்து விலக்கச் சொல்லுங்கள்.

சோதிப்பது சுலபம். லாகின் செய்த நிலையில் உறுப்பினர் பகுதியின் பத்து இணைப்புகளை, பிடிஎஃப் உட்பட, நகலெடுத்துக்கொள்ளுங்கள். உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். ஒன்று திறந்தாலும் தளம் இன்னும் தயாராகவில்லை.

சுருக்கமாக: நிறுவனமும் நபரும் தனித்தனி, சந்தா நிலை தேதியிலிருந்து வரும், பணத்துக்குச் சாட்சி வெப்ஹூக், அனுமதிச் சோதனை ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் உண்டு.

வெளியாட்கள் தேடும் பக்கம்

வெளியிலிருந்து வருபவருக்கு நிர்வாகிகளின் வாழ்த்துச் செய்தி தேவையில்லை. இந்தத் தொழிலில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய தேடல். எனவே உறுப்பினர் பட்டியலே தளத்தின் மையம். தொழில் வகையை உறுப்பினரே தட்டச்சு செய்யும்படி விடாதீர்கள். ஒருவர் "எலக்ட்ரிக்கல்" என்பார், இன்னொருவர் "மின்சாதனம்" என்பார், தேடலில் இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். 20 முதல் 40 வகைகள் கொண்ட பட்டியலை வைத்து அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு விவரத்துக்கும் யார் பார்க்கலாம் என்பதை மூன்றாகப் பிரிக்கலாம்: எல்லோரும், உறுப்பினர்கள், அலுவலகம் மட்டும். மறைக்க வேண்டிய எண்ணைத் திரையில் மட்டும் மறைத்தால் போதாது. பக்கத்தின் மூல நிரலைத் திறந்தால் அது அங்கே உட்கார்ந்திருக்கும். சர்வரே அதை அனுப்பக் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிப் பக்கமும் தனி முகவரியும் இருந்தால் தேடுபொறிகள் எளிதில் கண்டுகொள்ளும், சந்தாவுக்கு அதுவே ஒரு பயன்.

மின்னஞ்சல் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது?

தளம் அனுப்பும் சந்தா நினைவூட்டல் உண்மையில் சங்கத்திடமிருந்துதான் வந்ததா என்று பெறுபவரின் சேவைக்குத் தெரிய வேண்டும். அதற்கு டிஎன்எஸ்ஸில் மூன்று குறிப்புகள். எந்த சர்வர்கள் நம் பெயரில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். கடிதத்தில் இடும் மின்கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது டிகிம். இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது டிமார்க். ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் பெருமளவில் அனுப்புபவர்களிடம் மூன்றையும் கட்டாயமாகக் கேட்கின்றன. சிறிய சங்கமும் மூன்றையும் வைத்துக்கொள்வதே நல்லது. நூற்றுக்கணக்கான கடிதங்களை ஹோஸ்டிங் சர்வரிலிருந்தே அனுப்பாமல், அதற்கென்று இருக்கும் அனுப்பு சேவையைப் பயன்படுத்துங்கள்.

எக்செல்லிலிருந்து குடிபெயர்தல்

பழைய கோப்பு எப்போதும் நினைத்ததை விட அழுக்காகத்தான் இருக்கும். தொலைபேசி எண்ணை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் வரும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். நீண்ட எண்களை 9.19877E+11 போன்ற அடுக்குக் குறியாக மாற்றிவிடும். 03/04 என்பது மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா என்று கோப்புக்கே தெரியாது. ஆகவே எண் நெடுவரிசைகளை உரையாக மாற்றுங்கள், தேதிகளை 2026-04-03 என்பது போல ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள், கோப்பைச் சிஎஸ்வியாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக, எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள். இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும்.

முதலில் ஒத்திகைத் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். வரிகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா? ஏதாவது 20 உறுப்பினர்களை எடுத்துப் பழைய கோப்போடு ஒப்பிட்டால் பொருந்துகிறதா? பழைய தளத்தின் முகவரிகள் மாறினால் ஒவ்வொன்றுக்கும் 301 எனப்படும் நிரந்தர வழிமாற்றம் அமைக்க வேண்டும். தவறினால் தேடுபொறியிலிருந்து வருபவர்கள் 404 என்ற வெற்றுப் பக்கத்தில் வந்து விழுவார்கள்.

எதைக் கொண்டு கட்டுவது?

சங்கங்களுக்கென்றே மாத வாடகைக்குக் கிடைக்கும் மென்பொருள் ஒரு வழி. நிறுவனம், நபர் பிரிவு அதில் ஏற்கெனவே இருந்தால் பெரும்பாலான சங்கங்களுக்கு அதுவே போதும். விலகும் நாளில் முழுத் தரவையும் சிஎஸ்வியாக எடுக்க முடியுமா என்று மட்டும் முதலிலேயே கேளுங்கள். நிரல் எழுதாமலே பக்கங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் இன்னொரு வழி. பக்கங்களுக்கு அருமையானது. உறுப்பினர் வேலைக்குச் செருகுநிரல்கள், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்கள் வேண்டும், அவற்றைப் புதுப்பிக்காமல் விட்டால் அவையே திருடன் நுழையும் வாசல். புதிதாக நிரல் எழுதுவது மூன்றாவது. விதிகள் மிகவும் வித்தியாசமாக இருந்தால், எழுதியவர் போன பிறகும் பராமரிக்க ஆள் இருந்தால் மட்டும்.

தோற்றத்தைப் பற்றிக் கொஞ்சம். 360 பிக்சல் அகலத் திரையில் முதலில் வடிவமைக்கச் சொல்லுங்கள், வருபவர்களில் பலர் கைபேசியில்தான் வருவார்கள். பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவுகோல். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். தானாக நகரும் படங்களை விட்டுவிட்டால் இவற்றில் பாதி தானே சரியாகும்.

தளம் திறந்த பிறகு

காப்புநகல் தினமும் எடுக்க வேண்டும், கோப்புகளையும் தரவுத்தளத்தையும் சேர்த்து. தரவுத்தளத்தை விட்டுவிட்டு கோப்புகளை மட்டும் எடுத்தால் பலகை மிஞ்சும், பதிவேடு போய்விடும். ஒரு நகலாவது அதே ஹோஸ்டிங் கணக்குக்கு வெளியே இருக்கட்டும். கணக்கு முடங்கினால் உள்ளே இருக்கும் நகலும் சேர்ந்து முடங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒத்திகைத் தளத்தை முழுதாக எழுப்பிப் பாருங்கள். "பேக்கப் ஓடுகிறது" என்ற செய்தி தினமும் வந்துகொண்டிருந்தாலும் உள்ளே வெற்றுக் கோப்பு இருக்கலாம், எழுப்பிப் பார்த்தால்தான் நகல் பயன்படுமா என்று உறுதியாகத் தெரியும். நிர்வாகிகள் மாறும்போது புதியவர்களுக்கு அனுமதி கொடுப்பதோடு பழையவர்களின் அனுமதியை அதே நாளில் நீக்கவும் வேண்டும். இரண்டையும் யார் செய்வார் என்பதைக் கூட்டக் குறிப்பேட்டில் பெயர் போட்டு எழுதிவிடுங்கள்.